செயினுக்குச் சும்மாடு வைத்தவர்
ஹான்ஸ் ரெனால்டின் வாழ்க்கை

பழைய மோட்டார் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும்.

வண்டி நின்றபடியே எஞ்சின் மெதுவாக ஓடும்போது, முன்பக்கத்திலிருந்து 'கடகட' என்று கேட்கும். ஆணிகளை ஒரு தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினாற்போல் இருக்கும். வேகத்தைக் கூட்டினால் அடங்கும். குறைத்தால் மறுபடியும் கேட்கும்.

கைதேர்ந்த மெக்கானிக் இந்தச் சத்தத்தைக் கேட்டதுமே சொல்லிவிடுவார்: 'டைமிங் செயின்' தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று.

மாரிஸ் மைனர் காரில் இந்தச் செயின் உண்டு. 2014-ம் ஆண்டு வரை நம் நாட்டில் தயாரான அம்பாசிடர் காரின் பழைய பெட்ரோல் எஞ்சினிலும் உண்டு. இந்தக் கார்களின் பெயரை அறியாதவர் இல்லை. ஆனால் இவற்றின் செயினுக்கு வழி வகுத்த மனிதரின் பெயரை அறிந்தவர் வெகு சிலரே.

அவர் பெயர் ஹான்ஸ் ரெனால்டு. என்ஜினியர்களின் உலகில் புகழ் பெற்ற பெயர் அது. கார் செய்யும் பிரெஞ்சுக் கம்பெனியின் பெயரும் இதைப்போலவே ஒலிக்கும். ஆனால் அது வேறு, இவர் வேறு.

செயின் செய்யும் வேலை

ரெனால்டின் பெருமை புரிய வேண்டுமானால், எஞ்சினுக்குள் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும்.

எஞ்சினில் இரண்டு தண்டுகள் உண்டு. ஒன்று 'கிராங்க் ஷாஃப்ட்'. பிஸ்டன்கள் ஏறி இறங்குவதால் சுழல்வது இதுதான். கார்ச் சக்கரங்களுக்குப் போகும் சக்தி இதிலிருந்தே கிளம்புகிறது. மற்றொன்று 'கேம் ஷாஃப்ட்'. இது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. வால்வுகள் எஞ்சினின் கதவுகள் போன்றவை. ஒரு கதவு வழியாகப் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரும். மற்றொரு கதவு வழியாக எரிந்த புகை வெளியே போகும்.

கதவு திறக்க வேண்டிய நேரத்தில் திறக்க வேண்டும். மூட வேண்டிய நேரத்தில் மூட வேண்டும். கொஞ்சம் முன்பின் ஆனாலும் எஞ்சினின் சக்தி குறையும்.

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால், கேம் ஷாஃப்ட் ஒரு முறைதான் சுற்ற வேண்டும். இதற்காகக் கேம் ஷாஃப்டின் பல்சக்கரத்தில் இரண்டு மடங்கு பற்கள் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு பல்சக்கரங்களையும் பூட்டி வைப்பதுதான் டைமிங் செயின்.

கிராங்க் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 3,000 முறை சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடியில் 25 முறை திறந்து மூட வேண்டும்! இத்தனை வேகத்திலும் கணக்குத் தப்பாமல் காப்பது, உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தச் செயின்தான்.

ஆராவ் நகரத்துப் பையன்

ரெனால்டு இங்கிலாந்தில் புகழ் பெற்றவர். ஆனால் பிறப்பால் இங்கிலீஷ்காரர் அல்ல. சுவிட்சர்லாந்து தேசத்தில் ஆராவ் என்ற ஊரில், 1852-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி பிறந்தார். ஜெர்மன் மொழி பேசும் பகுதி அது.

ஆராவ் சிறிய ஊர்தான். ஆனால் அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருந்தது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஐன்ஸ்டீன், கல்லூரிக்குப் போகுமுன் 1895-96ல் படித்ததும் இந்த ஆராவில்தான்.

ரெனால்டு ஜூரிச் நகரத்துப் பாலிடெக்னிக்கில் யந்திரக் கலை பயின்றார். படித்து முடித்தவருக்கு, பெரிய தொழில் நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. அந்நாளில் தொழிலுக்குத் தலைநகர் இங்கிலாந்து. 1873-ம் ஆண்டு அவர் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபது, இருபத்தொன்றுதான் இருக்கும்.

அவர் தங்கிய இடம் மான்செஸ்டர். பருத்தி நூலுக்கும் துணிக்கும் உலகிலேயே பேர் போன நகரம். நம் நாட்டுக் கடைவீதிகளில் மான்செஸ்டர் துணி குவிந்து கிடந்த காலம் அது. நகரம் முழுவதும் ஆலைகள். ஆலைகளில் ஆயிரக்கணக்கான யந்திரங்கள். அந்த யந்திரங்களில் பலவற்றுக்குச் செயின் வேண்டியிருந்தது.

வாங்கிய பட்டறை

மான்செஸ்டரை ஒட்டியே இருக்கும் ஊர் சால்ஃபோர்டு. அங்கே ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். துணி ஆலைகளுக்குச் செயின் செய்வது அவர் தொழில். உருளை வைத்த செயினுக்கு 1864-ம் ஆண்டே அவர் உரிமை பதிவு செய்திருந்தார்.

1879-ம் ஆண்டு ரெனால்டு இந்தப் பட்டறையை விலைக்கு வாங்கினார்.

வேறொருவராக இருந்தால், வந்த ஆர்டருக்குச் செயின் செய்து கொடுத்துக் காலத்தை ஓட்டியிருப்பார். ரெனால்டு அப்படிச் செய்யவில்லை. செயின் ஏன் தேய்கிறது என்ற கேள்விக்கு அவர் விடை கண்டார்.

தேய்மானத்தின் ரகசியம்

சைக்கிள் வைத்திருப்பவர்கள், நாளானால் செயின் நீண்டுவிட்டது என்பார்கள். உண்மையில் இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. பின் என்னதான் நடக்கிறது?

செயினில் கண்ணிக்குக் கண்ணி ஒரு மூட்டு உண்டு. மூட்டின் நடுவே ஓர் ஆணி இருக்கிறது. செயின் பல்சக்கரத்தின் மீது ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு மூட்டும் மடங்கி நிமிர்கிறது. அப்போது ஆணி உராய்ந்து தேய்கிறது. துளையும் பெரிதாகிறது.

ஒரு மூட்டில் தேய்வது கண்ணுக்கே தெரியாது. ஆனால் செயினில் 50 மூட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தேய்ந்தால், மொத்தத்தில் செயின் இரண்டரை மில்லிமீட்டர் தளர்ந்துவிடும். கடகடவென்று சத்தம் போட அதுவே போதும்!

ஸ்லேட்டரின் செயினில் உள்தகடுகள் நேராக ஆணியின் மேல் உட்கார்ந்தன. தகடு மெல்லியது. அந்த மெல்லிய விளிம்பு மட்டுமே முழுப் பாரத்தையும் தாங்கியது. கத்தி போல் அது ஆணியை அறுத்தது.

நம் பெண்கள் தலையில் குடம் வைக்கும்போது என்ன செய்கிறார்கள்? துணியைச் சுருட்டிச் சும்மாடு வைக்கிறார்கள். குடத்தின் கனம் குறைவதில்லை. ஆனால் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவி இறங்குகிறது. தலை வலிப்பதில்லை.

ரெனால்டு செயினுக்குச் செய்ததும் இதுதான்.

இரண்டு உள்தகடுகளுக்கும் இடையே ஒரு சிறு குழாயை இறுக்கிப் பொருத்தினார். 'புஷ்' என்று அதற்குப் பெயர். ஆணி இந்தக் குழாய்க்குள் சென்றது. இப்போது பாரம் மெல்லிய விளிம்பில் விழவில்லை. குழாயின் நீளம் முழுவதும் பரவியது. குழாயின் மேல் ஓர் உருளை. பல்சக்கரத்தின் பல்லில் படும்போது உருளை தானே சுழன்று கொடுத்தது. ஆகவே பல்லின் தேய்மானமும் குறைந்தது.

அவ்வளவுதான்! கேட்டால் சிறிய மாற்றம். ஆனால் செயினின் ஆயுள் பல மடங்கு கூடியது. இது நடந்தது 1880-ம் ஆண்டு. 'புஷ் உருளைச் செயின்' என்று இது பெயர் பெற்றது.

சைக்கிளும் காரும்

நல்ல பொருளுக்கு நல்ல காலமும் வாய்க்க வேண்டும். ரெனால்டுக்கு வாய்த்தது.

1885-ம் ஆண்டு, கவென்ட்ரி நகரத்தைச் சேர்ந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டு வந்தார். அதற்கு முன்பு இருந்த சைக்கிளின் முன்சக்கரம் ஆள் உயரம் இருக்கும். அதில் ஏறுவதும் இறங்குவதும் சர்க்கஸ் வேலை. ஸ்டார்லியின் சைக்கிளில் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. மிதித்தால் செயின் பின்சக்கரத்தை இழுத்தது. இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் மூதாதை அதுதான்.

1890-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பிடித்துக்கொண்டது. சைக்கிளுக்குச் செயின் வேண்டும்; அதுவும் சீக்கிரம் தேயாத செயின் வேண்டும். சிறு பட்டறை பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது.

பின்பு மோட்டார் கார் வந்தது. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த முதல் விமானத்தில்கூட, எஞ்சினின் சக்தியை இரண்டு விசிறிகளுக்கும் கொண்டு சென்றது உருளைச் செயின்தான். அந்தச் செயின் அமெரிக்கக் கம்பெனி ஒன்று செய்தது. ஆனால் அதன் வகை, ரெனால்டிடம் 1880-ல் பிறந்த வகை.

ரெனால்டு இன்னொரு செயினையும் உருவாக்கினார். அதில் கண்ணித் தகடுகளுக்கே பல் உண்டு. அந்தப் பற்கள் பல்சக்கரத்தின் பற்களோடு கோத்துக்கொள்ளும். தேய்ந்தாலும் செயின் சற்று மேலேறி உட்கார்ந்து, ஓசையின்றி ஓடும். 'சத்தமில்லாச் செயின்' என்றே அதை அழைத்தார்கள். ஆரம்ப காலக் கார்கள் பலவற்றில் கேம் ஷாஃப்டைச் சுழற்றியது இந்த வகைதான்.

மனிதருக்கும் சும்மாடு

இதுவரை சொன்னது யந்திரத்தின் கதை. இனி மனிதரின் கதை.

அந்நாளில் இங்கிலாந்தின் யந்திரத் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 53, 54 மணி நேரம் வேலை. தொழிலாளி காலை 6 மணிக்கே ஆலைக்கு வந்துவிட வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு பாகம் வேலை முடிந்திருக்க வேண்டும். குளிர் நாட்களில் விடியுமுன் இருட்டில் எழுந்து, வெறும் வயிற்றோடு ஓடி வர வேண்டும்.

சால்ஃபோர்டில் மேதர் அண்டு பிளாட் என்ற பெரிய யந்திரக் கம்பெனி இருந்தது. அதன் முதலாளி வில்லியம் மேதர், 1893-ல் ஒரு சோதனை செய்தார். வாரம் 53 மணி நேரத்தை 48 ஆகக் குறைத்தார். காலைச் சாப்பாட்டுக்கு முன்பு வேலை என்பதை நீக்கினார். ஓர் ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார். உற்பத்தி குறையவில்லை! தாமதமாக வருவதும், வராமல் நின்றுவிடுவதும் குறைந்திருந்தன.

மற்ற முதலாளிகளில் பெரும்பாலோர் இதை நம்பவில்லை. ரெனால்டு நம்பினார். 1896-ம் ஆண்டு தம் தொழிற்சாலையிலும் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஏற்படுத்தினார்.

இது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது அடுத்த ஆண்டே விளங்கியது. 1897-ம் ஆண்டு ஜூலையில், எட்டு மணி நேர வேலை கேட்ட யந்திரத் தொழிலாளர்களை முதலாளிகளின் சங்கம் கதவடைப்புச் செய்து வெளியே நிறுத்தியது. ஆறு மாதம் நீடித்தது அந்தப் போராட்டம். 1898-ம் ஆண்டு ஜனவரியில் தொழிலாளர்கள் தோற்றார்கள். எட்டு மணி நேரக் கோரிக்கையைக் கைவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். இங்கிலாந்தின் யந்திரத் தொழிலாளர்களுக்கு வாரத்துக்கு 47 மணி நேரம் என்று பொதுவாக அமுலுக்கு வந்தது 1919-ல்தான்.

மற்றவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து பெற்ற ஒன்றை, ரெனால்டின் தொழிலாளர்கள் போராடாமலே பெற்றிருந்தார்கள்.

ஆலையில் தொழிலாளர்கள் உட்கார்ந்து சாப்பிட உணவுக்கூடம் ஏற்பட்டது. விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரு சங்கம் அமைந்தது. தொழிற்சாலை மான்செஸ்டரின் பர்னேஜ் பகுதிக்கு வந்து பெருகியது.

ரெனால்டு வெறும் இரக்கத்தால் மட்டும் இவற்றைச் செய்தார் என்று நினைக்கக் கூடாது. கணக்கில் அவர் கெட்டிக்காரர். ஒவ்வொரு வேலையையும் அளந்து, திட்டமிட்டு நடத்த வேண்டும் என்று அமெரிக்காவில் டெய்லர் என்பவர் போதித்த முறையை, இங்கிலாந்தில் முதன்முதலில் கைக்கொண்டவர்களில் ரெனால்டும் ஒருவர். களைத்த ஆள் நல்ல வேலை செய்ய முடியாது. சின்ன ஆணி ஒன்று கோணலானால் செயினே கெட்டுவிடும். ஆகவே தொழிலாளியின் களைப்பைக் குறைப்பது தொழிலுக்கும் லாபம்.

தந்தை வழியில் மகன்

ரெனால்டின் மகன் சார்லஸ் ரெனால்டு. தந்தையோடு தொழிலில் சேர்ந்தார். முதல் உலகப் போர் நடந்த காலத்தில் அவர் ஒரு புது வழி கண்டார். தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகிகளும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் கமிட்டிகளை ஏற்படுத்தினார். குறை இருந்தால் அங்கேயே சொல்லலாம். தகராறு முற்றுமுன் தீர்க்கலாம். இப்படி முப்பது ஆண்டு நடத்திப் பார்த்த அனுபவத்தை 1950-ல் ஒரு நூலாகவும் எழுதினார்.

பிரிட்டிஷ் நிர்வாகக் கழகம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராக இருந்தவரும் இந்த சார்லஸ்தான். 1948-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

1930-ம் ஆண்டு ரெனால்டு கம்பெனியும் கவென்ட்ரி செயின் கம்பெனியும் ஒன்றாயின. அதைக் கண்ணாரக் கண்ட ஹான்ஸ் ரெனால்டு, 1943-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 90.

செயினை மாற்றும்போது

ரெனால்டு தேய்மானத்தைத் தள்ளிப்போட்டார். ஒழித்துவிடவில்லை. அதை ஒழிக்க யாராலும் முடியாது. எவ்வளவு நல்ல செயினும் ஒரு நாள் தேயும். பழைய காரின் முன்பக்கத்தில் கடகட சத்தம் கேட்டால், அந்த நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதை அலட்சியம் செய்யக் கூடாது. செயின் தளர்ந்தால் வால்வுகள் தாமதமாகத் திறக்கும். மாரிஸ் மைனர் போன்ற கார்களில் தீப்பொறி கொடுக்கும் 'டிஸ்ட்ரிபியூட்டர்' கருவியும் கேம் ஷாஃப்டிலிருந்தே சுழல்கிறது. ஆகவே தீப்பொறியும் தாமதமாகும். வண்டிக்கு இழுப்பு குறையும். மேட்டில் திணறும். கடைசியில் செயின் ஒரு பல் தாண்டிவிடலாம், அறுந்தும் போகலாம். சில எஞ்சின்களில் அப்போது பிஸ்டன் போய் வால்வில் மோதும். பிறகு செலவு பெரிய செலவு!

மாற்றும் வேலை பொறுமையாகச் செய்ய வேண்டியது. முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவார்கள். தண்ணீரை வடித்து, ரேடியேட்டரை இறக்குவார்கள். கிராங்க் ஷாஃப்டின் முனையில் உள்ள புல்லியைக் கழற்றி, டைமிங் கவரைத் திறப்பார்கள். உள்ளே இரண்டு பல்சக்கரங்களும் செயினும் தெரியும்.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒவ்வொரு பல்சக்கரத்திலும் ஒரு சிறு புள்ளி அடையாளம் உண்டு. எஞ்சினைக் கையால் சுற்றி, இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். பிறகுதான் கழற்ற வேண்டும். புதுச் செயினைப் பூட்டும்போதும் புள்ளிகள் அப்படியே எதிரெதிரே வர வேண்டும். ஒரு பல் தவறினாலும் எஞ்சின் சரியாக ஓடாது.

கழற்றிய பழைய செயினைப் பக்கவாட்டில் படுக்கை வசமாகப் பிடித்துப் பாருங்கள். புதுச் செயின் ஏறக்குறைய நேராக நிற்கும். தேய்ந்த செயின் வில்லாக வளைந்து தொங்கும். பல்சக்கரங்களையும் பார்க்க வேண்டும். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் பூட்டினால், புதியதும் சீக்கிரம் தேயும். இரண்டு பல்சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று சட்டம் வைத்துப் பார்ப்பதும் அவசியம். கோணலாக ஓடும் செயினில் பாரம் மறுபடியும் ஒரு பக்கமே விழும்.

கவரை மூடும்போது எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலையும் கேஸ்கட்டையும் புதிதாகப் போடுவது நல்லது. எல்லாம் முடிந்தபின் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கும் இடிக்காமல், இரண்டு புள்ளிகளும் திரும்பவும் எதிரெதிரே வந்து நின்றால் வேலை சரி.

பிறகு, காலா காலத்தில் எஞ்சின் எண்ணெயை மாற்றி வர வேண்டும். ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையே நின்று காப்பது அந்த எண்ணெய்ப் படலம்தான்.

பழைய செயினைக் குப்பையில் போடுமுன், அதன் ஒரு கண்ணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு சிறு குழாய் இருக்கும். பாரம் ஒரே இடத்தில் விழுந்தால் இரும்பும் அறுபடும். பரவி விழுந்தால் பல்லாண்டு தாங்கும். இதை இரும்பில் கண்டவர் ரெனால்டு. தம்மிடம் வேலை செய்த மனிதருக்கும் அது பொருந்தும் என்று செய்து காட்டியவரும் அவரே.